சங்கு பராமரிப்புச் செலவு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், படித்து முடித்த பிறகு ஏமாந்துவிட்டோம் என்று யாரும் குறைப்படக் கூடாது: நான் ஒரு முட்டாள். வாய்ப்பேச்சு முட்டாள் இல்லை. முட்டாள்தனத்தைத் தட்டச்சு செய்து, கார்பன் வைத்துப் பிரதி எடுத்து, கீழே தேதியோடு கையெழுத்தும் போட்டுக் கொடுத்த முட்டாள். ஓர் ஆற்றங்கரைக் குடியிருப்பே சேர்ந்து பட்ட துக்கத்தை நகராட்சிச் சங்கின் பராமரிப்புச் செலவில் எழுதிவிட்டு, அது பெரிய சாமர்த்தியம் என்று நினைத்து, அன்று மாலை எனக்கு நானே ஒரு காபி வாங்கிக் கொடுத்துக்கொண்டேன். அந்தக் காபி இன்னும் ஜீரணமாகவில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் நடந்தது இது. திருச்சிராப்பள்ளிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவே காவிரி ஓடுகிறது, அல்லது ஓட வேண்டிய மாதங்களில் ஓடுகிறது. அப்போது ஆற்றின் அந்தக் கரையில் ஒரு நகராட்சி, இந்தக் கரையில் ஒரு நகராட்சி. இரண்டில் ஒன்றில் நான் கணக்குப் பிரிவுக் குமாஸ்தா. எதில் என்று சொல்லப் போவதில்லை. பென்ஷன் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

சங்கு என்றால் கோயில் சங்கு இல்லை. எங்கள் அலுவலக மொட்டை மாடியில் கம்பிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்த மின்சார ஊதல். விடியற்காலையில் ஒரு தரம், நடுப்பகலில் ஒரு தரம், ராத்திரி ஒரு தரம் ஊதும். கைக்கடிகாரம் கட்டியவர்கள் அதைக் கேட்டு முள்ளைத் திருப்பிக்கொள்வார்கள். கட்டாதவர்கள் அதைக் கேட்டு இலை போடுவார்கள். ஊரில் எங்கேயாவது தீப்பிடித்தாலும் அதைத்தான் ஊத வேண்டும். அப்போது மட்டும் நிறுத்தாமல் ஊத வேண்டும்.

பொங்கல் கழிந்த வாரம் அப்படி ஊதினார்கள். நடுப்பகல் சங்கு அடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. மறுபடி எழுந்து, அடங்கவே இல்லை. ஆற்றங்கரையில் வரிசையாக இருந்த கீற்றுக் குடிசைகள் காற்றில் ஒன்றுக்கொன்று தீயைக் கொடுத்து வாங்கிக்கொண்டன. தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது அணைப்பதற்குப் பெரிதாக எதுவும் மிச்சமில்லை. படுத்த படுக்கையாக இருந்த ஒரு பெரியவரை வெளியே கொண்டுவர முடியவில்லை. மற்றவர்கள் உயிரோடு வந்துவிட்டார்கள். மற்றவர்கள் தப்பித்துவிட்டார்கள் என்று அறிக்கையில் எழுதினோம். அதை எழுதியதும் நான்தான்.

எங்கள் நகராட்சியைக் குறை சொல்லக் கூடாது. அரிசி கொடுத்தோம். வேட்டி, சேலை கொடுத்தோம். மூங்கிலும் கீற்றும் கொடுத்தோம். சேர்மன் கொடுப்பது போலப் படமும் எடுத்தோம். மாசி பிறந்தபோது குடிசைகள் எழுந்து நின்றன. கோப்பை முடித்துச் சிவப்பு நாடா கட்டி அலமாரியில் வைத்தேன். கட்டுவதில் எனக்கு நல்ல பெயர் உண்டு. நான் கட்டிய முடிச்சை நானே அவிழ்க்க முடியாது.

ஒரு நாள் எங்கள் ஹெல்த் விசிட்டர் அம்மாள் மேனேஜர் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். பிரசவம் ஆன வீடுகளுக்குப் போய்க் குழந்தையைப் பார்ப்பதும் தாயைத் திட்டுவதும் அவர் வேலை. ஜனங்கள் அவரை டாக்டரம்மா என்பார்கள். நான் டாக்டர் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் அந்தப் பட்டத்தை ஏற்றுக்கொண்டிருந்தார்.

மேனேஜர் ஸ்ரீரங்கத்துக்காரர். நெற்றியில் திருமண் கலையாமல், எந்தப் பிரச்சினையையும் பெருமாளிடம் தள்ளிவிட்டுக் கோப்பை மட்டும் தன்னிடம் வைத்துக்கொள்வார்.

“ஆத்தங்கரைல ஒண்ணும் சரியில்லைங்க சார்” என்றார் டாக்டரம்மா.

“கூரைதான் போட்டுக் குடுத்தாச்சே. இன்னும் என்னவாம்?”

“கூரைக்குக் கீழ போக மாட்டேங்கறாங்க. மணல்லதான் படுக்கறாங்க. மத்தியானச் சங்கு ஊதினா போதும், அத்தனை பேரும் மூட்டையத் தூக்கிட்டு ஆத்துக்குள்ள ஓடறாங்க. பால் குடிக்கற குழந்தைய மாருலேருந்து பிடுங்கிட்டு ஓடறாங்க சார். நானே பார்த்தேன்.”

“பயம். போகப் போகப் போயிடும். பெருமாள் பார்த்துப்பார்.”

“அதுவரைக்கும் அந்த மத்தியானச் சங்கை மட்டும் கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைக்க முடியுமாங்க?”

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். பெருமாளையே கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைக்க முடியுமா என்று கேட்டது போல அவரைப் பார்த்தார்.

“நன்னா சொன்னேள் போங்கோ! ஊரே சாப்பிடறது அதைக் கேட்டுத்தான். நாளைக்கு ஒருத்தன் பசிச்சுண்டு வந்து நிப்பான், சங்கு ஏன் ஊதலைன்னு. யார் பதில் சொல்றது? வேற ஏதாவது கேளுங்கோ. செலவு ஆனாலும் பரவாயில்லை.”

எங்கள் அலுவலகத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் அந்தக் கடைசி வாக்கியம் போதும். காசு கேட்டால் எப்படியாவது கொடுத்துவிடுவோம். காசில்லாத காரியத்தை மட்டும் எங்களால் செய்ய முடியாது. அதற்குப் பட்ஜெட்டில் தலைப்பு கிடையாது.

டாக்டரம்மா கேட்டது பெரிதொன்றும் இல்லை. வாரத்தில் சில மத்தியானங்கள் அவரை அங்கே அனுப்ப வேண்டும். பஸ்ஸுக்கும் ஜட்காவுக்கும் கூலி, ஒரு பெரிய ஜமுக்காளம், தேநீர், கூட ஒரு ஆயா. ஜனங்களை உட்கார வைத்துப் பேச வைக்க வேண்டும். “அவ்வளவுதானா?” என்றார் மேனேஜர். அவ்வளவுதான் என்றார் டாக்டரம்மா. நான் ஒரு குறிப்பு எழுதி கவுன்சில் கூட்டத்துக்கு வைத்தேன். ‘தீ விபத்தில் பாதிக்கப்பட்டோருக்கு மன ஆறுதல் அளிக்கும் பொருட்டு’ என்று தொடங்கும். பொருட்டு என்ற சொல்லில் எனக்கு அப்போது தனி மோகம்.

கவுன்சிலில் அதைப் படித்ததும் ஓர் உறுப்பினர் எழுந்தார். “அழுவறதுக்கு நகராட்சிப் பணமா? எங்க வீட்டுலயும் நாலு பேர் அழுவறாங்க, ஆளுக்கு என்ன தருவீங்க?” என்றார். சபை சிரித்தது. உண்மையைச் சொன்னால் நானும் சிரித்தேன். நல்ல ஹாஸ்யம், நல்ல குரல். இன்னொருவர் ஒரு ஹரிகதை வைத்துவிடலாம் என்றார். மூன்றாமவர் ஹரிகதைக்கு மைக் செட் யார் கொடுப்பது என்று கேட்க, பேச்சு மைக் செட்டைப் பற்றிப் போய்விட்டது. கோப்பு என்னிடமே திரும்பி வந்தது. ஓரத்தில் பச்சை மசியில் ஒரே வரி: ‘தலைப்பு இல்லை.’

“போய் ஒரு தரம் பார்த்துட்டு வாங்க சார்” என்றார் டாக்டரம்மா. “பார்த்தா உங்களுக்குத் தலைப்பு தோணும்.”

போனேன். பாலத்தில் நடந்தேன் என்று எழுதினால் எந்தப் பக்கத்துக்காரன் என்று தெரிந்துவிடும். ஆகவே எப்படியோ போய்ச் சேர்ந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதுக் கீற்று வாசனை அடித்தது. ஒவ்வொரு வாசலிலும் ஒரு மூட்டை கட்டித் தயாராக வைத்திருந்தார்கள். திருவிழாவுக்குப் புறப்படுகிறவர்கள் போல இருந்தது. யாரிடமோ ஏதோ கேட்க வாயைத் திறந்தேன், சங்கு ஊதியது.

தினமும் அந்தச் சங்குக்கு நேர் கீழே உட்கார்ந்து தயிர்சாத டப்பாவைத் திறக்கிறவன் நான். அது இப்படியும் ஒலிக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒருத்தரும் கத்தவில்லை. மூட்டை, குழந்தை, கோழி எல்லாவற்றையும் வாரிக்கொண்டு அத்தனை பேரும் மணலுக்கு ஓடினார்கள். நானும் ஓடினேன். எதற்கு, எங்கே என்று தெரியாமல் கூட்டத்தோடு ஓடுவது அரசாங்க உத்தியோகத்தில் பழக்கமாகியிருந்தது. ஒரு கால் செருப்பு மணலில் புதைந்து போனது. சங்கு அடங்கியதும் அவர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் திரும்பி நடந்தார்கள். என் செருப்பை ஒரு கிழவர் தோண்டி எடுத்துக் கொடுத்து, “புதுசுங்களா? போகப் போகப் பழகிடும்” என்றார்.

ஒரு குடிசையில் மட்டும் மூட்டை இல்லை. அங்கே இருந்தவள் நாற்பது வயதுக்குள் இருக்கும், புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. தீக்கு முன்னால் இட்லி போட்டு விற்றுக்கொண்டிருந்தவள். காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போகிறவர்கள் விடியற்காலையில் அவளிடம் சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவார்களாம். மத்தியானத்துக்கும் ஓர் ஈடு போடுவாளாம். வாசலோரம் புது அடுப்பு இருந்தது. களிமண் பூசி, சாணி மெழுகி, கோலமும் போட்டிருந்தது. ஒரு நாளும் எரியாத அடுப்பு என்பது பார்த்தாலே தெரிந்தது.

“ஏம்மா பத்த வைக்கலை?” என்றேன். குமாஸ்தாவின் கேள்வி.

பதில் சொன்னது பக்கத்துக் குடிசை வாசலில் பீடி சுற்றிக்கொண்டிருந்த பெண். “அது வத்திப்பெட்டிய கையால தொடாதுங்க. சமயபுரம் விபூதி பூசியாச்சு. தர்காவுல ஓதி ஊதின தண்ணி நானே கொண்டாந்து குடுத்தேன். ஒண்ணும் கேக்கல.”

பிறகு டாக்டரம்மா தனியாக விவரம் சொன்னார். தீ அன்றைக்கு முதலில் எரிந்தது இட்லிக்காரியின் கூரை என்று சிலர் பேசிக்கொண்டார்கள். அவள் அடுப்பிலிருந்துதான் பற்றியது என்றார்கள். பார்த்தவர் யாரும் இல்லை. அவளுக்கே தெரியாது. விறகை இழுத்து அணைத்தேனா, அணைக்காமல் தண்ணீருக்குப் போனேனா என்று நினைத்து நினைத்து, இரண்டுமே நடந்தது போல அவளுக்கு இருந்தது. செத்துப்போன பெரியவர், பீடி சுற்றும் அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்ணின் மாமனார். அந்த வீட்டுக் கஞ்சியைத்தான் இவள் குடித்துக்கொண்டிருந்தாள். கொடுக்கிறவளும் ஒன்றும் கேட்கவில்லை, குடிக்கிறவளும் ஒன்றும் சொல்லவில்லை.

லால்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அவள் அண்ணன் வந்து, சித்திரை பிறந்ததும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். போனால் அண்ணி வீட்டில் சம்பளமில்லாத வேலைக்காரி. போகாமலிருக்க ஒரே வழி இந்த அடுப்பு. பங்குனிக்குள் அது எரிய வேண்டும்.

ஆபீசுக்குத் திரும்பி வந்து பட்ஜெட்டைப் புரட்டினேன். எலி ஒழிப்பில் பணம் தீர்ந்திருந்தது. நாய் பிடிப்பதிலும் தீர்ந்திருந்தது. கொசு எண்ணெய் எப்போதோ தீர்ந்திருந்தது. சங்கு பராமரிப்பில் மட்டும் முழுசாக இருந்தது. யாரும் அதைப் பராமரிக்கவே இல்லை. எனக்குப் புல்லரித்தது. எது அந்த ஜனங்களை விரட்டுகிறதோ அதன் பெயரிலேயே அவர்களுக்குப் பணம்! ஜாதகப் பொருத்தம் பார்த்தால்கூட இப்படி அமையாது.

மேனேஜரிடம் போனேன்.

“எந்தத் தலைப்பு ஓய்?”

“சங்கு பராமரிப்பு. சில்லறைச் செலவு.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “மார்ச்சுக்குள்ள செலவாகலைன்னா எப்படியும் போயிடும்” என்று பெருமாளிடம் சொல்வது போலச் சுவரைப் பார்த்துச் சொன்னார். “யாராவது கேட்டா?”

“யார் சார் சங்கைப் பத்திக் கேக்கப் போறா?”

“மகானுபாவர் ஓய் நீர்” என்று கையெழுத்துப் போட்டார். அன்றைய காபிதான் நான் முதலில் சொன்ன காபி.

நிவாரண அரிசி மூட்டைகளை அடுக்கி வைத்திருந்த கொட்டகை ஆற்றங்கரையில் காலியாகக் கிடந்தது. அதில் ஜமுக்காளம் விரித்தோம். செலவு உண்மையாக நடக்கிறது என்று சான்று கொடுக்க நானும் போய் ஒரு மூலையில் உட்கார்ந்தேன். முதல் நாள் எல்லோரும் வந்தார்கள். தேநீர் குடித்தார்கள். ஒருத்தர், “அரிசி எப்ப குடுப்பீங்க?” என்றார்.

“அரிசி இல்லைங்க. பேசலாம்னு வந்தோம்” என்றார் டாக்டரம்மா.

“பேசறதுக்கா கவர்மெண்டுல தேத்தண்ணி குடுக்கறாங்க?”

“ஆமா.”

“அப்ப எங்க வீட்டுக்காரருக்கு ஒரு அண்டா வேணுமே!” என்று ஒரு பெண் சொல்ல, கொட்டகை சிரித்தது. அந்த வரிசையில் தீக்குப் பிறகு கேட்ட முதல் சிரிப்பு அது என்று நினைக்கிறேன். உற்சாகமாகி நானும் ஒரு ஹாஸ்யம் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. டாக்டரம்மா என்னைப் பார்த்து, “சார், நீங்க டீயைக் குடிங்க” என்றார். அதற்குப் பிறகு நான் டீயைக் குடித்தேன்.

அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அழாதே என்றும் சொல்லவில்லை. அன்றைக்கு எங்கே இருந்தீர்கள், கையில் என்ன இருந்தது, எதை எடுக்க முடியாமல் போனது என்று மட்டும் கேட்டார். ஒவ்வொரு மத்தியானமும் யாராவது ஒருத்தர் சொன்னார். ஒருத்திக்குக் கல்யாணச் சேலை. ஒருத்தருக்கு ஆடு, ஆட்டைப் பற்றிச் சொல்லும்போது அந்த ஆண்பிள்ளை துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் எடுக்கவில்லை. கேட்டுக்கொண்டிருப்பது சுமை தூக்குவதைவிடக் களைப்பான வேலை என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். வீட்டுக்குப் போனால் சட்டையைக் கழற்றக்கூடத் தெம்பிருக்காது. டாக்டரம்மாவுக்கோ அதற்குப் பிறகுதான் வழக்கமான பிரசவ வீடுகள்.

இட்லிக்காரி வந்து கடைசியில் உட்காருவாள். பேச மாட்டாள்.

ஒரு நாள் பீடி சுற்றும் பெண்ணின் முறை வந்தது. மாமனாரைப் பற்றிச் சொன்னாள். தான் தண்ணீர்க் குடத்தோடு ஓடி வந்ததை, வாசலே தெரியாமல் போனதை, உள்ளே இருந்து ஒரு சத்தமும் வராததை எல்லாம் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, கையிலிருந்த பீடி இலையைப் பார்த்துக்கொண்டே சேர்த்துச் சொன்னாள்:

“இன்னொண்ணும் சொல்லிடறேன். அன்னிக்கு என் அடுப்பும் எரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. இந்த வரிசையில எல்லார் அடுப்பும் எரிஞ்சுது, உச்சி வேளை. எந்த அடுப்புன்னு அல்லாவுக்குத்தான் தெரியும். அக்காவை நான் ஒரு நாளும் தப்பா நெனச்சதில்ல.”

இட்லிக்காரி எழுந்து வெளியே போனாள். போய்விட்டாளே என்று நினைத்தேன். ஆற்றில் முகம் கழுவிவிட்டுத் திரும்பி வந்து, இந்தத் தடவை கடைசியில் இல்லாமல் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு டீ வாங்கி, பாதியை அவள் டம்ளரில் ஊற்றினாள்.

பங்குனி நடுவில் அடுப்பைப் பற்ற வைக்கலாம் என்று பேச்சு வந்தது. இட்லிக்காரியே சொன்னாள். “இவ பக்கத்துல நிக்கட்டும். பத்த வைக்கறேன்.” மத்தியானச் சங்கு ஊதி அடங்கி, ராத்திரிச் சங்குக்கு வெகுநேரம் இருக்கிற சாயங்காலமாகப் பார்த்து நாள் குறித்தோம். ஊரில் யாருக்கோ கல்யாணம் நிச்சயமானது போல எனக்கு இருந்தது.

இதற்கிடையில் மார்ச் முடிய இருந்தது. பில்களை அனுப்பியிருந்தேன். ஜமுக்காளம், ஜட்கா, தேயிலை எல்லாம் ‘சங்கு பராமரிப்பு, சில்லறை’ என்ற ஒரே வரிக்குள் அடக்கமாகப் படுத்திருந்தன. நான் மறந்தது ஒன்றே ஒன்று. இத்தனை வருஷம் அந்த அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதியவன் மறக்கக் கூடாத ஒன்று. எந்த யந்திரத்தின் பராமரிப்புச் செலவானாலும், அதை ஓட்டிப் பார்த்து ஓவர்சியர் சான்று கொடுத்தால்தான் பில் பாஸாகும்.

எங்கள் ஓவர்சியர் நேர்மையானவர். அதுதான் ஆபத்து. பராமரிப்பு என்று எழுதியிருக்கிறதே, சங்கைப் பார்த்தால் துரு ஏறியிருக்கிறதே என்று மனம் பொறுக்காமல், தானே கூண்டைத் திறந்து, தூசி தட்டி, மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, கிரீஸ் போட்டிருக்கிறார். பிறகு சோதனைக்கு ஊத வைத்திருக்கிறார். வழக்கமான நேரத்தில் ஊதினால் அது சோதனை ஆகாது. ஆகவே சாயங்காலத்தில். தீ விபத்துக்கு ஊதும் முறைப்படி. நிறுத்தாமல்.

நான் அப்போது ஆற்றங்கரையில் இருந்தேன். இட்லிக்காரி தீக்குச்சியைக் கிழித்துவிட்டாள். கிழித்ததை நான் பார்த்தேன். பீடிக்காரப் பெண் அவள் தோளில் கை வைத்திருந்தாள். சுள்ளியில் தீ ஏறிற்று. அந்தச் சுள்ளி பற்றிக்கொண்ட நேரத்தில் சங்கு எழுந்தது. கிரீஸ் போட்ட சங்கு. அத்தனை வருஷத்தில் அது அப்படி ஊதி நான் கேட்டதே இல்லை.

இட்லிக்காரி வெறுங்கையாலேயே அந்தத் தீயை அடித்து அணைத்தாள். அப்புறம் ஓடினாள். வரிசை முழுவதும் ஓடியது. இந்தத் தடவை நான் ஓடவில்லை. ஓடுவதற்குக்கூட எனக்கு வெட்கமாக இருந்தது.

டாக்டரம்மா அவள் கைக்கு மருந்து போட்டுக் கட்டினார். கட்டி முடிக்கும்வரை என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியபோது, “இப்ப எதுக்கு சார் ஊதினாங்க?” என்று கேட்டார். சொன்னேன். தலைப்பு, பில், சான்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கொட்டகைக்குள் போய் ஜமுக்காளத்தைச் சுருட்ட ஆரம்பித்தார். நான் ஒரு முனையைப் பிடித்தேன். இரண்டு பேருமாகச் சுருட்டினோம்.

மறுநாள் அலுவலகத்தில் எனக்கு வாழ்த்து. “சங்கு என்ன கணீர்ங்கறது ஓய்! முக்கொம்பு வரைக்கும் கேட்டிருக்குமே!” என்றார் மேனேஜர். பில் பாஸாகிவிட்டது. பணம் முழுவதும் செலவாகிவிட்டதால், அவசியமான இனம் என்று கருதி, அடுத்த வருஷம் சங்கு பராமரிப்புக்குக் கூடுதலாக ஒதுக்கினார்கள். மன ஆறுதலுக்கு நான் மறுபடி ஒரு குறிப்பு எழுதினேன், பொருட்டு என்ற சொல் இல்லாமல். அதே பச்சை மசி, அதே இரண்டு சொல்.

மத்தியானச் சங்கையாவது நிறுத்தலாமா என்று மேனேஜரிடம் கேட்டுப் பார்த்தேன். “இப்பத்தானே ஓய் செலவு பண்ணி ரிப்பேர் பண்ணினோம்?” என்றார். பொய் என்று சொல்ல முடியவில்லை. அந்தப் பொய்யை எழுதியவன் நான்.

சித்திரை பிறந்தது. அண்ணன் மாட்டு வண்டியோடு வந்தார். இட்லித் தட்டையும் ஆட்டுக்கல்லையும் பீடிக்காரப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு அவள் வண்டியில் ஏறிப் போய்விட்டாள் என்று டாக்டரம்மா சொன்னார். போகும்போது ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன். “ஆட்டுக்கல்ல ஓரமா வையின்னா” என்றார்.

அந்தக் கோடையில் எனக்கு எதிலும் பிடிப்பில்லை. சாப்பாட்டு நேரத்தில் சங்கு ஊதினால் டப்பாவைத் திறக்காமல் அது அடங்கும்வரை காத்திருப்பேன். பக்கத்து மேசைக்காரர் சாமி கும்பிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். மறுக்கவில்லை.

ஆடியில் ஆறு நிறைந்து வந்தது. பதினெட்டாம் பெருக்குக் கூட்டத்துக்குக் குடிதண்ணீர்த் தொட்டி வைக்கும் வேலையாக நான் அந்தப் பக்கம் போனேன். வரிசையில் ஒரு குடிசை வாசலில் புகை தெரிந்தது. கிட்டே போனால் இட்லிக்காரி. அடுப்பு எரிகிறது, குண்டான் கொதிக்கிறது. பீடிக்காரப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

“எப்பம்மா வந்தே?”

“ஆனிக் கடைசிலங்க.”

“அங்க அடுப்புப் பத்த வச்சியா?”

அவள் சிரித்தாள். பீடிக்காரப் பெண்தான் சொன்னாள். “அங்கன அண்ணி மூணு வேளையும் ஆக்கிப் போடச் சொல்லிருக்கு. பயந்துக்கிட்டே பத்த வச்சிருக்கு. ஒண்ணும் ஆகலையாம். அந்த ஊருல சங்கு கெடையாதே! பழகிட்டுது. அப்புறம் அண்ணிக்கு ஆக்கிப் போடறதுக்கு இங்க வித்துத் தின்னலாம்னு ஓடியாந்துடுச்சு.”

சங்கு ஊதாமல் இருப்பது. காசில்லாத அந்த ஒரு காரியம். அதைச் செய்ய லால்குடிப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு எந்தக் கவுன்சில் தீர்மானமும் தேவைப்படவில்லை. எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ரொம்பக் களைப்பான சந்தோஷம். பலகையில் உட்கார்ந்து இட்லி கேட்டேன். இலையில் வைத்துக் கொடுத்தாள். வலது உள்ளங்கையில் தோல் இன்னும் வெளுத்துச் சுருங்கியிருந்தது. பார்க்காதது போலச் சட்னியைப் பார்த்தேன்.

அடுத்த ஈடு வெந்துகொண்டிருந்தது. எனக்குப் பின்னால் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். வியாபாரம் சூடு பிடித்த நேரம். அவள் தலையைத் தூக்கி வெயிலைப் பார்த்தாள். சட்டென்று குண்டானை இறக்கி வைத்தாள். எரிகிற விறகை ஒவ்வொன்றாக வெளியே இழுத்து, சொம்புத் தண்ணீரை அதன்மேல் ஊற்றி, அடுப்புக்குள்ளும் ஊற்றினாள். சாம்பல் பறந்து என் இலையில் விழுந்தது. காத்திருந்தவர்கள் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பீடிக்காரப் பெண் துருவலை மூடிவிட்டு எழுந்தாள். இரண்டு பேரும் சேலையைத் தட்டிவிட்டு, ஆற்றைப் பார்க்கக் கிடந்த கல்லில் போய், கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

எனக்கு வாய் சும்மா இருக்காது.

“ஏம்மா, நல்லா எரியற அடுப்பை இப்படி அணைக்கறியே?”

“உங்க சங்கு ஊதப் போவுதுல்ல.”